மூன்று மாத லேப் குட்டியை வேட்டைக்குப் பழக்க முடியுமா?

கேள்வி, 8 ஜூன் 2024

பொன்னேரி பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. கறுப்பு லேப்ரடார் ரெட்ரீவர் குட்டி ஒன்று வாங்கி மூன்று வாரம் ஆகிறது, வயது மூன்று மாதம். ரெட்ரீவர் என்றாலே வேட்டை நாய்தான் என்கிறார்கள். எந்த மாதத்தில் பழக்க ஆரம்பிக்க வேண்டும்? வயலில் கொக்கு, மடையான், உள்ளான் எல்லாம் நிறைய இறங்குகிறது. ஊரில் எல்லோரும் சிப்பிப்பாறை வாங்காமல் குண்டு நாயை வாங்கி வந்திருக்கிறான் என்று சிரிக்கிறார்கள்.

8 ஜூன் 2024, இரவு

தம்பி, முதலில் கொக்கை மறந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் சேர்ந்து நம் நாட்டில் வேட்டைக்குப் பூட்டுப் போட்டுவிட்டன. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் என்ன என்று சொல்கிற இடத்தில் கொல்வது, பிடிப்பது மட்டும் இல்லை, துரத்துவது, விரட்டுவது, கூட்டையும் முட்டையையும் கலைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது வரைக்கும் இருக்கிறது. உங்கள் குட்டி உள்ளான் கூட்டத்தைத் துரத்த, நீங்கள் வரப்பில் நின்று கை தட்டினால் அதுவே வேட்டைதான்.

அடுத்தது சிப்பிப்பாறை. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய்கள். அந்த உடம்பே வேறு. லேப் பிடிக்கிற நாயே இல்லை. சுட்டவனுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து, பறவை எங்கே விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, போ என்று சொன்ன பிறகு போய், கசக்காமல் எடுத்து வந்து கையில் கொடுப்பதுதான் அதன் வேலை. வேட்டை மனிதனுடையது, நாய் பார்ப்பது கூரியர் வேலை. அந்தக் கூரியர் வேலையைப் பறவையே இல்லாமல் முழுசாகக் கற்றுத்தரலாம், சட்டமும் குறுக்கே வராது. நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பதும் கறுப்பு லேப்தான், ஐந்து மாதம். பெயர் மணி. வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர், லேப்புக்கு மணியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

10 ஜூன் 2024

எங்கே கற்றேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியத் தாத்தா, ரயில்வேயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் எப்போதும் ஒரு லேப் இருக்கும். சின்ன வயதில் பால் பாக்கெட் போடப் போவேன். வாசலில் நாய் உட்கார்ந்திருக்கும், பாக்கெட்டை அதன் வாயில் கொடுத்தால் உள்ளே கொண்டுபோய் அவர் கையில் வைக்கும். ஒரு நாள் கூட ஒழுகியதில்லை. இருபது வருஷம் கழித்து எனக்கு ஒரு நாய் வந்ததற்குக் காரணமே அந்தப் பால் பாக்கெட்தான்.

அவர் சொன்னதில் முதல் பாடம் இது. குட்டி எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் பின்னால் ஓடாதே, எதிர்ப் பக்கம் ஓடு. நாம் துரத்தினால் அதற்கு விளையாட்டு. நாம் விலகி ஓடினால் அது நம்மைத் துரத்தும், வாயில் இருப்பதும் கூடவே வந்துவிடும். செருப்பாக இருந்தாலும் சரி, மாமியார் முந்தானையாக இருந்தாலும் சரி, கொண்டு வந்ததற்குத் திட்டக் கூடாது.

இரண்டாவது, இடம். மைதானம் வேண்டாம். எங்கள் வீட்டு நடை மூன்றரை அடி அகலம், இரண்டு பக்கமும் சுவர், ஒரு முனையில் கதவு. மறு முனையில் நான் உட்கார்ந்துகொண்டு கதவுப் பக்கம் எறிவேன். எடுத்துக்கொண்டு போக அதற்கு வேறு வழியே இல்லை, என்னிடம்தான் வந்தாக வேண்டும். பங்களா வைத்திருப்பவர்கள் இதற்கென்று வேலி கட்டுவார்கள், வடசென்னையில் வீடு கட்டும்போதே கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். எறிவதற்குப் பெயின்ட் அடிக்கிற சின்ன ரோலர், புதுசு. எடை இல்லை, வாயில் நன்றாக உட்காரும். ஒரு நாளைக்குப் பத்து முறை எறியுங்கள்.

12 ஜூன் 2024

மேலே பத்து என்று எழுதியது தப்பு. மூன்று. நேற்று மணி ஏழாவது தடவை ரோலரைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது. இன்னும் ஒரு தடவை எறிய மாட்டானா என்று ஏங்குகிற நேரத்தில் நிறுத்த வேண்டும். தாத்தாவும் மூன்று என்றுதான் சொன்னார், நான்தான் பெரிய மனிதனாகிவிட்டேன்.

16 ஜூன் 2024, ஞாயிறு

காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில், படகில் இருந்த ஒருவர் மணியைப் பார்த்து, இது பணக்கார வீட்டு நாயாச்சே, இங்கே என்ன வேலை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாயின் மூதாதையே மீனவர் நாய். கனடாவின் நியூஃபவுண்ட்லாண்டு தீவில் தூண்டிலில் இருந்து நழுவும் மீனை எடுத்துவரவும், தண்ணீரில் கிடக்கும் கயிறு, வலை இழுக்கவும் வைத்திருந்த கறுப்பு நாய்கள்தான் 19ஆம் நூற்றாண்டில் மீன் கப்பலில் இங்கிலாந்து போய்ப் பிரபுக்கள் வீட்டில் வாத்து எடுத்துவர ஆரம்பித்தன. விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கிறது, விரித்துப் பாருங்கள். வால் அடியில் தடித்து நீர்நாய் வால் மாதிரி இருக்கும், நீந்தும்போது சுக்கான். இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது 1903இல். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1903தான், ஒன்றுக்கொன்று சம்பந்தம் எதுவும் இல்லை, சும்மா சொன்னேன்.

படகுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அப்போ எங்க ஜாதி நாய்தான் என்று சொல்லி ஒரு சங்கராவைத் தூக்கிப் போட்டார். வேகவைத்து முள் எடுத்துத்தான் கொடுத்தேன். கருவாடு மட்டும் கொடுக்காதீர்கள், உப்பு.

தீனி பற்றி ஒன்று. லேப் சாப்பாட்டுக்கு ஆலாய்ப் பறக்கும், பழக்குவதற்கு அது வசதி. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் பார்த்ததில், லேப்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்குவதோடு தொடர்புள்ள மரபணுவில் ஒரு துண்டு இல்லையாம். மணி அந்த நாலில் ஒன்று என்று எனக்கு ஆஸ்பத்திரியில் யாரும் சோதித்துச் சொல்லவில்லை, ஆனால் இட்லித் துணியைத் தின்ற நாய் வேறு எதுவாக இருக்கும். பழக்கும்போது கொடுக்கும் ஈரல் துண்டை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள்.

30 ஜூன் 2024

விசில் வாங்கிவிட்டீர்களா? ஆக்மி 211.5 என்று கேளுங்கள், லேப் வைத்திருப்பவர்கள் அதிகம் வைத்திருப்பது அதுதான். வாய்க்குரல் கோபத்தில் ஒரு மாதிரி, சந்தோஷத்தில் ஒரு மாதிரி. விசில் என்றைக்கும் ஒரே சத்தம். ஒரு நீள ஊதல் என்றால் உட்கார். சின்னச் சின்னதாகப் பல ஊதல் என்றால் வா. சாப்பாட்டுத் தட்டை வைப்பதற்கு முன்னால் பீ-பீ-பீ, தினமும் மூன்று வேளை, வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு வாரத்தில் மொட்டை மாடியில் இருந்து உருண்டு வரும்.

இதில் எனக்கு நடந்த கூத்தையும் சொல்கிறேன். முதலில் நான் வாங்கியது விளையாட்டுக் கடையில், உள்ளே உருண்டை போட்ட விசில். எங்கள் வியாசர்பாடியில் எந்த மைதானத்துக்குப் போனாலும் பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். ரெஃப்ரி ஃபவுலுக்கு ஊதினார். மணி டக்கென்று உட்கார்ந்தது. மறுபடி ஊதினார், எழுந்த நாய் மறுபடி உட்கார்ந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அப்புறம்தான் உருண்டை இல்லாத நாய் விசிலுக்கு மாறினேன். மைதானப் பிரச்சினை தீர்ந்தது, வீட்டில் குக்கர் பிரச்சினை இன்னும் தீரவில்லை. பருப்பு வேகிற வரை நாலு முறை உட்கார்ந்து எழுகிறது.

14 ஜூலை 2024

ரோலரில் ரத்தம். பதறிப்போய்ப் பார்த்தால் பல் விழுகிறது. நாலாம் மாதத்தில் இருந்து ஏழாம் மாதம் வரை 28 பால் பல்லும் போய் 42 பல் வரும். ஈறு வலிக்கிற நேரத்தில் கவ்வு கவ்வு என்று வற்புறுத்தினால், டம்மி, அதாவது எடுத்துவரப் பழக்க நாம் எறிகிற பொருள், என்றாலே வலி என்று பதிந்துவிடும். எறிவதை அடியோடு நிறுத்திவிட்டேன். இந்த ஒரு மாதமும் உட்கார், இரு, வா, பக்கத்தில் நட. அவ்வளவுதான். உங்களுடையதற்கும் இப்போது ஆரம்பித்திருக்கும், வாயைத் திறந்து பாருங்கள்.

தடுப்பூசி அட்டை முடியாமல் தெருவில் இறக்கிவிடாதீர்கள் என்று முன்பே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம்.

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

போன வாரம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மொட்டை மாடியில் அண்ணன் ஒருவர் பந்தயப் புறா வளர்க்கிறார். வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மாலையானால் பாதி மாடிகளில் கொடியும் கையுமாக வானத்தைப் பார்த்து நிற்பார்கள். அவர் கூண்டில் உதிரும் இறகுகளை வாங்கி வந்து ரோலரில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி மணிக்கு வாசனை காட்டியிருந்தேன், பல் முளைத்து முடிந்ததும் முதல் வேலையாக. அதுதான் வினையாகிப்போனது.

காலை ஏழு மணி. துணி காயப்போடப் போன என் மனைவி கத்துகிறாள். ஓடிப் போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து மணி வருகிறது, வாயில் ஒரு ஹோமர் புறா. ஒரு சிறகு கீழே தொங்குகிறது, புறாவின் கண் மட்டும் படபடவென்று சிமிட்டுகிறது. என் மூளை சொன்னது, பாய்ந்து பிடுங்கு. தாத்தா சொன்னது வேறு. நான் இரண்டு அடி பின்னால் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டேன். நேருக்கு நேர் பார்த்தால் குட்டி மிரளும். மணி வந்து என் முழங்காலில் மோவாயை வைத்தது. நெஞ்சை மட்டும் தடவிக்கொடுத்தேன், தலையைத் தொடவில்லை. தலைக்குக் கை போனால் பிடுங்க வருகிறான் என்று இறுக்கும், இறுக்கினால் புறா காலி. ஒரு அரை நிமிஷம் இருக்கும், எனக்கு அரை மணி நேரம். பிறகு தாடைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து விடு என்றேன். விட்டது.

புறாவின் முதுகு முழுக்க எச்சில். ஒரு இறகு மடிந்திருந்தது, கீறல் இல்லை. பருந்து அடித்துத் தொட்டிக்குப் பின்னால் விழுந்திருந்த புறா போல, மணி பிடித்தது இல்லை என்றுதான் நினைக்கிறேன். அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிறகை விரித்து, வயிற்றை ஊதி, காலை அழுத்தி எல்லாம் பார்த்துவிட்டு, உன் நாய் பல் இருக்கா இல்லையாடா என்றார். மூன்றாம் நாள் புறா பறந்தது. ஆனால் அன்றைக்கே எங்கள் மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது, அவர் செலவில்.

இதைத்தான் மென்வாய் என்பார்கள். பாதி பிறப்பிலேயே வருவது. மீதியைக் கெடுப்பது நாம்தான், கயிறு இழுக்கும் போட்டி விளையாடி. அந்த விளையாட்டை விட்டுவிடுங்கள்.

13 ஆகஸ்ட் 2024

இல்லை, இறகு கட்டியது தப்பில்லை என்று நேற்று உங்களுக்குச் சொன்னேனே, யோசித்துப் பார்த்தால் தப்புதான். புறாக்கூண்டுக்குப் பத்தடி தூரத்தில் வாழ்கிற நாய்க்குப் புறா வாசனையைப் பொருளாக்கியது யார்? நான். இறகைக் கழற்றிவிட்டேன்.

1 செப்டம்பர் 2024

உங்கள் நாய் எறிவதற்கு முன்பே பாய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான், எறிவதெல்லாம் தனக்கு என்று மணி முடிவு கட்டியிருந்தது. மருந்து ஒன்றுதான், பாதியை நீங்களே போய் எடுத்து வாருங்கள். நாயை உட்கார வைத்து, எறிந்து, பத்து எண்ணி, நிதானமாக நடந்து போய் எடுத்து வர வேண்டும். அது எழுந்தால் பேச்சில்லாமல் பழைய இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு வேடிக்கைதான். மைதானத்தில் ஒரு பையன், அண்ணா நீங்க நல்லா எடுத்துட்டு வர்றீங்க, நாயும் நல்லா பார்க்குது என்றான்.

இப்போது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கான்வாஸ் டம்மி. தைத்தது எம்.சி. ரோட்டில் பை தைப்பவர். என்ன பை சார் இது, வாயே இல்லை என்றார். காலை ஐந்தரைக்குள் முடித்துவிடுகிறேன், ஏழு மணிக்கு மேல் இந்த ஊரில் லேப்பை ஓட விடுவது பாவம். தார் ரோட்டில் நம் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. வேலி தாண்டுவது, படி குதிப்பது எல்லாம் ஒரு வயதுக்கு மேல், இடுப்பு மூட்டு முற்றட்டும்.

27 அக்டோபர் 2024

வெடிச்சத்தம். துப்பாக்கி நமக்கு இல்லை, ஆனால் தீபாவளி இருக்கிறது, வியாழக்கிழமை. சத்தத்துக்குப் பயப்படும் நாய் பிறப்பதைவிட உருவாக்கப்படுவதுதான் அதிகம். மணி சாப்பிடும்போது அடுத்த அறையில் தட்டு மூடியைப் போடுவேன், நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டத்தில். காதை நிமிர்த்திவிட்டு மறுபடி சாப்பிட்டால் சரி, தட்டை விட்டு விலகினால் அடுத்த நாள் தூரம் கூட்ட வேண்டும். இரண்டு மாதமாகச் செய்கிறேன். எங்கள் தெருவில் சாவு மேளம் போனாலும் இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. தீபாவளிக்குத் தயார்.

2 நவம்பர் 2024

தயார் இல்லை.

எங்கள் வீட்டுப் படியிலேயே ஆயிரம்வாலா. நாய் இருக்கிறது என்று பையன்களுக்குத் தெரியாது, அவர்கள் மேல் குற்றமில்லை. அந்த நேரம் மணியின் வாயில் டம்மி இருந்தது, ஏனென்றால் நான் ஒரு மேதை, வெடிக்கு நடுவே எடுத்துவரச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டு நாளாகக் கட்டிலுக்கு அடியில். டம்மியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தட்டு மூடிக்கும் ஆயிரம்வாலாவுக்கும் நடுவில் நூறு படிகள் இருக்கின்றன, நான் இரண்டைத்தான் ஏறியிருந்தேன். நீங்கள் வயலில் இருப்பதால் தப்பித்தீர்கள்.

24 நவம்பர் 2024

மறுபடி ரோலர், மறுபடி நடை, மூன்று முறை. ஐந்தாம் மாதக் குட்டிக்குச் செய்ததைப் பத்தாம் மாத நாய்க்குச் செய்கிறேன். நேற்று முதல் முறையாக வாலை ஆட்டிக்கொண்டு எடுத்தது.

22 டிசம்பர் 2024

தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். எனக்குத்தான் வழியில்லை. புழல் ஏரி நாம் குடிக்கிற தண்ணீர், அங்கே நாயை இறக்க முடியாது. கடலில் எங்கள் பக்கம் கல் கொட்டிய இடம்தான் அதிகம், அலை இழுத்துக் கல்லில் அடித்தால் முடிந்தது. எண்ணூர் கழிமுகத்தில் போன வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்ததைப் பார்த்தவன் நான், கூழைக்கடா எல்லாம் கறுப்பாகி நின்றது. அந்தத் தண்ணீரில் என் நாயை விட மாட்டேன். பழவேற்காடு பறவைகள் சரணாலயம், அங்கே நாய் என்ற பேச்சே வேண்டாம்.

உங்களுக்குத்தான் பம்ப்செட் தொட்டி இருக்கிறதே. பாதி நிரப்புங்கள், உள்ளே படியாக இரண்டு கல் போடுங்கள், நீங்கள் முதலில் இறங்குங்கள். தூக்கிப் போட்டால் தானாக நீந்தும் என்பார்கள். நீந்தும், அடுத்த நாள் வராது. கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும் டம்மி எறியாதீர்கள்.

பொங்கலுக்கு வா என்கிறீர்கள், வருகிறேன்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

பொன்னேரி போய் வந்தாயிற்று. இதைப் படிப்பவர்களில் தம்பியைத் தவிர மற்றவர்களுக்காக எழுதுகிறேன், அவர் அடக்கமாக எழுதிவிடுவார் என்பதால்.

அவர் நாய் தொட்டியில் நீந்துகிறது, டம்மியைக் கையில் கொடுக்கிறது, கரையேறியதும் உதறுவதற்கு முன்னால் கொடுக்கிறது. அதுதான் கஷ்டம், பெரும்பாலும் வாயில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு உதறும். மணி படியில் நின்று ஒரு பாதத்தை நனைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. மீனவர் பரம்பரை.

சரி, தரையிலாவது காட்டலாம் என்று வரப்புக்குப் போனோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். டம்மியை எறியக் கை ஓங்கினேன், அறுத்த வயலில் இருந்து இருபது முப்பது கொக்கு ஒரே சமயத்தில் எழும்பியது. அவர் நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது, பிட்டம் நகரவில்லை. மணி போய்விட்டது. சட்டம் பேசிய என் நாய், வரப்பு வரப்பாகத் தாவிக்கொண்டு. நீளமாக ஊதினேன், கேட்கவில்லை. இரண்டாவது ஊதலுக்கு நின்றது, உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, தம்பியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். திரும்பிப் பார்த்த நேரத்தில் அது சேற்றில் எதையோ கிளறிக்கொண்டிருந்தது, உட்கார்ந்ததே அதை மோந்து பார்க்கத்தான் போல. பீ-பீ-பீ. வந்தது. என்னைத் தாண்டிப் போய்த் தம்பியின் முன்னால் உட்கார்ந்து, தாடையை உயர்த்தி, பல் படாமல், அவர் உள்ளங்கையில் வைத்தது.

ரப்பர் செருப்பு. இடது கால், ஒன்பதாம் நம்பர், மூன்று வருஷத்துக்கு முன்னால் நாற்று நடும்போது அவருடைய அப்பா தொலைத்ததாம்.